நஸீமின் பக்கத்தில் நின்றவன்

உங்கள் மேசையில் இருந்த மூன்று பேனாவிலும் மை இல்லை. பரவாயில்லை, நான் எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒன்று வைத்திருப்பேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த பழக்கம். நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதிக்கொள்வதாக சார்ஜன்ட் சொன்னார். வேண்டாம் என்றேன். நான் சொல்வது ஒன்று, எழுதப்படுவது வேறொன்று என்றாகிவிடும். அது எவ்வளவு லேசாக நடக்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தமிழில் நானே எழுதித் தருகிறேன். பிறகு தகுந்த ஆளைப் பிடித்துச் சிங்களத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் பற்றிக். வயது அறுபத்து நான்கு. கட்டுகஸ்தோட்டையில் சொந்த வீடு. மனைவி பெயர் பியட்றிஸ். கத்தோலிக்கனாகப் பிறந்தேன், பதினைந்து வருடமாகக் கண்டியில் ஒரு சிறிய ஜெபச் சபையில் இருக்கிறேன். இதுவரை என்மேல் ஒரு முறைப்பாடும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இறங்கியதுகூட இல்லை.

நஸீமைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தில் இளைய மகன். ஒன்பது வருடத்துக்கு முன்னர், காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில் கிழவர் கொடுத்த புதிய ஏற்பாட்டை வாசித்து, அதன் பின் எங்கள் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தார். பெயரை மாற்றச் சொன்னோம். "உம்மா வெச்ச பேரு, அது பாட்டுக்கு இரிக்கட்டும்" என்றார். அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. விடுகிறவன் முழுசாக விட வேண்டும்.

ஆனால் அவர் பட்டது பொய்யில்லை. வீட்டை விட்டு அனுப்பினார்கள். வாடகைக்கு எடுத்த அறையின் யன்னலுக்குக் கல் வந்தது. சின்ன வயதிலிருந்து பாண் வாங்கிய கடையில் பாண் இல்லை என்றார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் பாண் இருக்கும்போதே. எல்லாவற்றிலும் பெரியது வாப்பாவின் மௌத்து. மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்குத் தூக்கிப் போகும்போது மகன் ஒருமுறையாவது தோள் கொடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். நஸீமைக் கிட்டே விடவில்லை. மதிலுக்கு வெளியே றோட்டில் நின்று பார்த்துவிட்டு, அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பியட்றிஸ் சோறு போட்டாள். எட்டு மாதம் எங்கள் பின்னறையில் இருந்தார். இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

நஸீமுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்; கம்பளையில் கடைக்காரன் மகனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சாட்சி சொல்ல மேடை ஏறினால் அவருக்குத் தமிழ்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது மாதிரி மெதுவாகச் சொல்வார். கூட்டத்தில் பாதிப் பேர் சிங்களவர். அவர் ஒரு வசனம் தமிழில் சொல்ல, நான் அதைச் சிங்களத்தில் சொல்ல, ஆளுக்கொரு மைக்கோடு ஏழு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கம்பளை, மாத்தளை, ஹட்டன், பண்டாரவளை, எங்கே கூப்பிட்டாலும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் சொல்லும் முறையில் ஒரு குறை இருந்தது. சூடு கிடையாது. தன் அண்ணனைப் பற்றி, "நானா ரெண்டு வருஷமா என்னோட பேசல்ல" என்பார். அவ்வளவுதான். சனம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். மாத்தளைக் கூட்டம் ஒன்றில் நான் அந்த வசனத்தைச் சிங்களத்தில், 'என்னைக் கண்டால் கொன்றுபோடுவதாக என் அண்ணன் சத்தியம் செய்தார்' என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வழக்கமாக இரண்டு மூன்று பேர் ஜெபத்துக்கு முன்னால் வருவார்கள். அன்றைக்குப் பதினொரு பேர் வந்தார்கள்.

வானில் திரும்பும்போது நஸீம் கேட்டார். "பற்றிக் அண்ணன், நானா அப்பிடி ஒண்டும் சொல்லல்லயே?"

"சிங்களத்துல அப்பிடிச் சொன்னாத்தான் தம்பி நீங்க சொன்னதோட பாரம் வரும். நான் எத்தன வருஷம் இந்த வேல பாத்தவன்?" என்றேன்.

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என் வீட்டில் எட்டு மாதம் சாப்பிட்டவர். என்னை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது என்பது எனக்குத் தெரியும். அதனால் அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னேன். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். மூன்றாம் வருடம் அவருடைய அண்ணன் ஸாகி, 'சபையையும் உன்னையும் சேர்த்துக் கொளுத்துவேன்' என்று சொன்னவராகிவிட்டார். அந்தக் கூட்டத்தை யாரோ வீடியோ எடுத்து, சிங்களத்தை மட்டும் வெட்டிப் பேஸ்புக்கில் போட்டார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நீங்கள் வழக்கில் வைத்திருப்பது அந்த வீடியோதான். அதில் ஸாகியைப் பற்றி இருக்கும் வார்த்தைகளில் ஒன்றையும் நஸீம் சொல்லவில்லை.

இதற்கிடையில் நஸீம் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஊழியம் தொடங்கினார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போக முன்பு ஒரு மடுவம் இருந்தது. பிள்ளை மடுவம் என்பார்கள். பாழாய்க் கிடந்ததைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி ஜெபவீடாக்கினார். பலகைச் சுவர், தகரக் கூரை. பின்பக்கம் பால் காய்ச்சிய சின்ன அறை ஒன்று. அங்கும் எதிர்ப்பு இருந்தது. கூட்டம் வைக்க அனுமதி உண்டா என்று ஆட்கள் வந்து மிரட்டினார்கள். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் மறுநாளும் அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறினார். நோயாளிகளோடு உட்கார்ந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊழியக்காரன் என்றால் அவர்தான். நான் ஒருநாளும் அதை மறுத்ததில்லை.

போன வருடம்தான் எல்லாம் கெட்டது. ஒரு புதன்கிழமை, நானும் அங்கே இருந்தபோது, ஜெபவீட்டின் முன்னால் வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. ஸாகி. கடைக்குச் சாமான் எடுக்கக் கண்டிக்கு வந்தவர், உம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்திருந்தார். அவர் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். உம்மா இறங்கினார். அனீஸா என்று பெயர். எழுபது வயதிருக்கும். கையில் துணியால் கட்டிய பாத்திரம்.

"மகன், மெலிஞ்சி பெய்த்தீங்க. வட்டிலப்பம் கொணந்தேன்" என்றார்.

நஸீம் அந்தப் பாத்திரத்தை வாங்கவில்லை. உம்மாவின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். ஏழு வருடம் மேடையில் அழாத மனிதர் அன்றைக்கு ஏங்கி ஏங்கி அழுதார், மொழிபெயர்க்க ஒன்றுமே சொல்லாமல்.

அதற்குப் பிறகு புதன்கிழமை தவறாமல் வந்தார்கள். இரண்டாம் மாதம் ஸாகி வானை விட்டு இறங்கினார். மூன்றாம் மாதம் கூரையில் ஒழுகிய தகரத்தை மாற்றினார். பின்னேரத்து அசர் தொழுகை நேரத்தில் உம்மா சிரமப்படக் கூடாது என்று நஸீம் அந்தப் பால் அறையைக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரும் தொழுகைப் பாயும் வைத்துக் கொடுத்தார். ஜெபவீட்டுக்குள்! நான் கேட்டேன், இது சரியா என்று.

"எனக்காக அவங்க அங்கதான் துஆ கேக்குறாங்க அண்ணன். நான் இங்க ஜெபம் பண்றேன். கேக்குறவர் கேட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு கண்டிக் கூட்டத்தில் வழக்கம்போல நின்றோம். நஸீம் தன் சாட்சியில் வாப்பாவின் சந்தூக்கு வரை வந்தார். நான் வழக்கம்போல, நானாகச் சேர்த்திருந்த, ஸாகி கத்தி எடுத்த இடத்தைச் சிங்களத்தில் சொன்னேன். நஸீம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நல்ல சிங்களத்தில், தன் வாயால், "அப்படி நடக்கவில்லை. என் அண்ணன் என்மேல் கை வைத்ததே இல்லை. அவர் வெட்கப்பட்டார், நான் வேதனைப்பட்டேன், இப்போது என் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்" என்று சொன்னார். முந்நூறு பேர் முன்னால். மிச்சச் சாட்சியையும் இரண்டு மொழியிலும் அவரே சொல்லி முடித்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது இறங்குவது என்று தெரியாமல் கடைசிப் பாட்டு வரை நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் தனியாகவே போனார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணன் ஓய்வெடுங்க" என்றார். எனக்கு வயிறு எரிகிறது என்று பியட்றிஸ் சொன்னாள். அவளுக்கு விளங்காது. எனக்கு என்னைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய சாட்சியைப் பற்றித்தான் கவலை. எல்லாவற்றையும் இழந்தவன் சொன்னால்தான் சனம் கேட்கும். இவர் இழந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. உம்மா வந்தார், அண்ணன் வந்தார், வட்டிலப்பம் வந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அண்ணன் தகரம் மாற்றிய கதையைக் கேட்டு யார் மனம் திரும்புவார்கள்?

முதலில் சின்னதாகத்தான் செய்தேன். ஜெபவீட்டுக் கதவில் கறுப்பு எண்ணெய் ஊற்றியிருந்ததே, அது நான். நஸீமுக்கு வந்த இரண்டு மொட்டைக் கடிதங்களும் நான். எழுத்துப் பிழைகளோடு எழுதியது எனக்குச் சிரமமாக இருந்தது. அவர் கதவைத் துடைத்தார். கடிதங்களை அடுப்பில் போட்டார். மேடையில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அதச் சொன்னா எங்கட ஆக்களத்தான் சந்தேகப்படுவாங்க. பாவம், பட்டது போதும்" என்றாராம். எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது கம்பளையில் தன் யன்னலுக்குக் கல்லெறிந்தவர்களை. ஒன்பது வருடத்துக்குப் பிறகும்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். கண்டியிலிருந்து பஸ்ஸில் போனேன். கடைசிச் சந்தியில் இறங்கித் தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் ஏறினேன். மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். பெண்கள் மேல்மலையில் கொழுந்தில் இருந்தார்கள், லயத்தில் நடமாட்டமில்லை. புதன்கிழமையை நான் யோசித்துத்தான் எடுத்தேன். புதன்கிழமை என்றால் ஸாகியின் வான் அங்கே நிற்கும். யார் செய்தது என்று ஒருவரும் தேட வேண்டியதில்லை. நாற்பதாயிரம் பேர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள்.

நான் போகும்போது வான் கீழே இறங்கிப் போனது. நஸீம்தான் அண்ணனைப் பாண் வாங்க அனுப்பியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். நஸீம், நாள்பட்ட நோயாளியான வடிவம்மாவின் லயத்துக் காம்பராவில் ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த லயம் நூறு யார் தள்ளி. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெற்றோல் கான் முன்வாசலில் எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. பலகை காய்ந்திருந்தது. அதிகம் தேவைப்படவில்லை. உள்ளே ஆள் இல்லை என்று நினைத்தேன் என்று இந்த இடத்தில் எழுதலாம். எழுதிவிட்டு மேலே போகிறேன். பிறகு திரும்பி வருகிறேன்.

அனீஸா உம்மா அந்தப் பால் அறையில் தொழுதுகொண்டிருந்தார். பின்கதவின் கொண்டி வெளியே போட்டிருந்தது. புகையைக் கண்டு ஓடிவந்த நஸீம் கொதிக்கும் இரும்புக் கொண்டியை வெறுங்கையால் இழுத்துத் திறந்தார். அவர் வலது உள்ளங்கையில் அந்தக் கொண்டியின் அச்சு அப்படியே இருக்கிறது. புகை குடித்ததில் குரல் போய்விட்டது. உம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டார். உம்மா பேராதனை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து மௌத்தானார்.

ஸாகியை நீங்கள் அன்றைக்கே பிடித்தீர்கள். வான் வேகமாக இறங்கியதைக் கொழுந்துப் பெண்கள் கண்டிருந்தார்கள். உம்மா வடிவம்மாவைப் பார்க்கப் போய்விட்டார் என்றும், உள்ளே தம்பி இருக்கிறார் என்றும் எண்ணிக் கொண்டியைப் போட்டார் என்பது உங்கள் கணக்கு. தான்தான் அண்ணனைப் பாண் வாங்க அனுப்பியதாக நஸீம் அந்தப் போன குரலோடு திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. மன்னிக்கிறவர் அல்லவா, அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றார்கள். அவருடைய நல்ல குணமே அவர் சொல்லை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. வீடியோவில் உள்ள மொழிபெயர்ப்பு சரியா என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஸாகி நாலு மாதமாக விளக்கமறியலில் இருக்கிறார்.

மையித்து கம்பளைக்குப் போன அன்று நானும் போய்த் தெருமுனையில் நின்றேன். நஸீம் வாப்பாவின் மௌத்தன்று நின்றது போலவே மதிலுக்கு வெளியே நின்றார், கைக்கட்டோடு. சந்தூக்கு அவரைக் கடக்கும்போது முன்னால் பிடித்திருந்த ஒரு பெரியவர் நின்றார். அந்த மனிதரை எனக்குத் தெரியும். பாண் இல்லை என்றவர் அவர்தான். "வாங்க மகன், உங்கட உம்மா" என்று சொல்லித் தன் இடத்தை விட்டு விலகினார். நஸீம் தோள் கொடுத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. எனக்குச் சொல்ல முடியாத ஆத்திரம் வந்தது. அவரிடமிருந்து எடுத்ததையும் அவர்கள் அதே தெருவில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். குரல் காற்று மாதிரித்தான் வந்தது.

"அண்ணன், அந்த வீடியோல நான் தமிழ்ல என்ன சொன்னன் எண்டு நீங்க பொலிஸ்ல சொன்னாப் போதும். நானாவ விட்டுருவாங்க. வேற ஒண்டும் கேக்க மாட்டன்."

"என் மொழிபெயர்ப்புல பிழை இருந்திச்சின்னு நானே எழுதிக் கொடுக்கணுமா தம்பி?" என்றேன். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவ அப்பிடி வந்ததில்ல."

அவர் எழும்பி, பியட்றிஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைச் சந்தேகித்தாரா என்று தெரியாது. கேட்கவில்லை. பியட்றிஸ் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அலுமாரியில் அனீஸா உம்மாவின் பாத்திரம் ஒன்று இருக்கிறது. ஒருமுறை எங்களுக்கும் வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கழுவித் துடைத்துக் கண்ணில் படுகிற தட்டில் வைத்திருக்கிறாள்.

நான் இன்று இங்கே வந்ததற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை. எரிந்த இடத்தில், கூரையில்லாத பலகைகளுக்கு நடுவில், நஸீம் திரும்பவும் கூட்டம் வைத்தார். ஐம்பது பேர் இருக்கும். வராதே என்று மிரட்டப்பட்டவர்களும் வந்திருந்தார்கள். குரல் எட்டாது என்பதால் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. ஷாமலா என்று சபையில் ஒரு பெண், இருபத்திரண்டு வயது. அவர் காற்றாய்ச் சொன்னதை அவள் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னாள். "என் உம்மாவைக் கொன்றது என் அண்ணன் இல்லை. யார் செய்திருந்தாலும் நான் மன்னிக்கிறேன். வந்து சொல்லிவிடுங்கள், அண்ணன் வீட்டுக்குப் போகட்டும்." அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பாடம் ஒப்பிப்பது மாதிரி. ஒருவரும் அழவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். இவ்வளவு பெரிய வார்த்தையை இப்படியா சொல்வது?

இனி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பின்கதவுப் படியில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது. பெண்கள் போடுவது, சாம்பல் நிறம், ஒன்றின் வார் நூலால் தைத்தது. உள்ளே மெதுவாக ஓதும் சத்தம் கேட்டது. அவர் தொழுகையில் இருந்தால் நடுவில் விட்டுவிட்டு எழும்பமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். நஸீமே மேடையில் பெருமையாகச் சொல்லி நான் மொழிபெயர்த்திருக்கிறேன். செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கொண்டியைப் போட்டேன். பிறகு முன்வாசலுக்குப் போய்ப் பெற்றோலை எடுத்தேன். ஸாகிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அனீஸா உம்மாவின் மேல் எனக்கு ஒரு பகையும் இருக்கவில்லை. நஸீமுடைய சாட்சிக்கு அது தேவைப்பட்டது, அதைச் செய்யக்கூடிய ஆள் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. என் வழக்கில் நஸீமைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள். அவர் தமிழில்தான் பேசுவார், குரலும் சரியில்லை. நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் பாதியை விழுங்கிவிடுவார். ஷாமலாவுக்கு அனுபவம் போதாது. அன்றைக்கு மட்டும் கூண்டிலிருந்து இறங்கி, அவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு அனுமதி எடுத்துத் தாருங்கள். அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.